கம்பியில்லாத் தொடர்பு அறுந்தால்...

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

ஆண்டுதோறும் கார்த்திகைத் திங்களில் நம் அண்ணாமலையின் உச்சியில் தீபம் ஏற்றப்படுவதை நாம் அனைவரும் அறிவோம். 2,668 அடி உயர மலையின் மேல் எரியும் அச்சுடரைப் பல மைல்களுக்கு அப்பாலுள்ள சிற்றூர்களிலிருந்தும் மக்கள் காண்கின்றனர். மலைக்கும் அவர்தம் வீட்டு வாசலுக்கும் இடையே கம்பி ஏதும் இல்லை. இருந்தும், 'தீபம் ஏற்றியாயிற்று' என்னும் செய்தி கண்ணிமைக்கும் நேரத்தில் அவர்களை வந்தடைகிறது. கம்பியில்லாச் செய்தித் தொடர்புக்கு இதைவிட எளிய உதாரணம் வேறு வேண்டுமோ?

ஒருவர் தம் வாசலில் நிற்கிறார். தீபம் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். காரணம் என்னவாக இருக்கலாம்? தீபம் இன்னும் ஏற்றப்படாதிருக்கலாம். மேகம் மறைத்திருக்கலாம். எதிர்வீட்டு மாடி குறுக்கே நிற்கலாம். அவர் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர் கண்ணிலேயே கோளாறு இருக்கலாம். 'தெரியவில்லை' என்னும் சொல் ஒன்றுதான், காரணங்களோ ஐந்து!

வீடுகளிலும் பள்ளிகளிலும் இன்று அடிக்கடி கேட்கும் 'வை-ஃபை போய்விட்டது' என்னும் சொல்லும் இத்தகையதே. அச்சொல்லுக்குப் பின்னே ஒளிந்திருக்கும் காரணத்தை எவ்வாறு கண்டுபிடிப்பது? சிறிய ஒற்றைப் பலகைக் கணிப்பொறி ஒன்றை எடுத்துக்கொண்டு, இக்கட்டுரையில் அதனைக் காண்போம்.

உள்ளங்கைக் கணிப்பொறி

ஒற்றைப் பலகைக் கணிப்பொறிகளுள் மிகவும் பெயர் பெற்றது ராஸ்பெரி பை என்பதாகும். பள்ளிப் பிள்ளைகள் குறைந்த செலவில் புரோகிராம் எழுதிப் பழக வேண்டும் என்னும் நோக்கத்துடன், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளை இதனை உருவாக்கியது. 2012 பிப்ரவரி 29 அன்று இது விற்பனைக்கு வந்தது. இதன் நீளம் 85 மில்லிமீட்டர். அகலம் 56 மில்லிமீட்டர். மூளையாக விளங்கும் சில்லு, நினைவகம், கம்பிகளைச் செருகும் துளைகள் ஆகிய யாவும் ஒரே பச்சைப் பலகையின் மேல் அமைந்திருப்பதால் இப்பெயர் பெற்றது. நகத்தளவே உள்ள ஒரு மெமரி கார்டுதான் இதன் பெட்டகம். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது இதற்கு முற்றும் பொருந்தும்.

முதலில் வந்த பலகைகளில் கம்பியில்லாத் தொடர்பு கிடையாது. அதற்கெனத் தனிச் செருகி வாங்க வேண்டியிருந்தது. 2016 பிப்ரவரி 29 அன்று வெளிவந்த மூன்றாம் தலைமுறைப் பலகையில்தான் வை-ஃபை முதன்முதலாகப் பலகையிலேயே பதிக்கப்பட்டது. அதன் ஆன்டெனா பலகையின் ஓரத்தில் ஒரு சிறு துண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். தெரியாதவர்கள் அதை ஆன்டெனா என்றே நம்பமாட்டார்கள்!

இத்தகைய பலகைகளுக்குப் பெரும்பாலும் திரையும் கிடையாது, கீ-போர்டும் கிடையாது. மாடிச் சுவரிலோ பம்ப் செட் அறையிலோ தோட்டத்திலோ தனியே அமர்ந்து, வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து, காற்றின் வழியே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தத் தொடர்பு அறுந்துவிட்டால், 'உனக்கு என்ன நேர்ந்தது?' என்று அதனிடம் கேட்கவும் வழியில்லை. வலிக்கும் இடத்தைச் சொல்லத் தெரியாத கைக்குழந்தை அழுவதை நிறுத்திவிட்டால் தாய் எப்படிப் பதறுவாளோ, அந்த நிலைதான் நமக்கு.

தேனி மாவட்டம் கற்றுத் தந்த பாடம்

இது வெறும் விளையாட்டுப் பொருளைப் பற்றிய பேச்சன்று. நம் தமிழ்நாட்டிலேயே கண் நோயாளிகளின் நலன் இத்தகைய சிறு பலகைகளை நம்பியிருந்த வரலாறு ஒன்று உண்டு.

டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகறிந்த நிறுவனம். அதன் தேனி மருத்துவமனை, சுற்றுவட்டாரத்தில் சிறு கண் பரிசோதனை நிலையங்களை அமைத்தது. அங்கே பயிற்சி பெற்ற ஊழியர் நோயாளியின் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியிலுள்ள டாக்டர், கணிப்பொறித் திரை வழியாக நோயாளியைப் பார்த்துப் பேசுவார். ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் கட்டணமும் கொடுத்து நகரத்துக்கு வர வேண்டிய துன்பம் ஏழை மக்களுக்கு இதனால் குறைந்தது.

ஆனால் அன்று அச்சிற்றூர்களுக்கு ஏற்ற வேகமான இணைப்பு இல்லை. எனவே அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் எரிக் புரூவரின் குழுவினர், வை-ஃபை அலைகளைக் கொண்டே பாலம் கட்ட முன்வந்தனர். தேனியுடன் ஐந்து நிலையங்கள் இணைக்கப்பட்டன. மிக நீண்ட இணைப்பு 15 கிலோமீட்டர். உயர்ந்த கோபுரங்களின் மேலும், ஓரிடத்தில் நூற்பாலைப் புகைபோக்கியின் மேலும்கூட ஆன்டெனாக்கள் நிறுத்தப்பட்டன. அவற்றை இயக்கியவை எவை தெரியுமா? ஏறத்தாழ 7 வாட் மின்சாரத்தில் ஓடிய ஒற்றைப் பலகைக் கணிப்பொறிகளே!

நம் வீட்டில் அடுத்த அறைக்கே தடுமாறும் வை-ஃபை 15 கிலோமீட்டர் செல்வது எங்ஙனம் என்று தோழியர் கேட்கலாம். முதலாவது, எல்லாத் திசையிலும் சிதறும் அலையை ஒரே திசையில் குவித்து அனுப்பும் ஆன்டெனாவைப் பயன்படுத்தினர். இரண்டாவது, இரு முனைகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கும்படி உயரத்தில் வைத்தனர். மூன்றாவது, வை-ஃபையின் பேச்சு முறையையே மாற்றினர். சாதாரண வை-ஃபை ஒவ்வொரு சிறு செய்தியையும் அனுப்பிவிட்டு, 'பெற்றுக்கொண்டேன்' என்னும் பதிலுக்குச் சற்றே காத்திருக்கும். தொலைவு கூடினால் பதில் வரத் தாமதமாகும். அதற்குள் செய்தி தொலைந்துவிட்டதென எண்ணி, மீண்டும் மீண்டும் அனுப்பித் திணறும். ஆகவே, 'இந்நேரம் நீ பேசு, அந்நேரம் நான் பேசுகிறேன்' என்று முறை வகுத்துக் கொடுத்தார்கள்.

இவ்வளவு செய்த பின்னும் இணைப்புகள் அடிக்கடி அறுந்தன. குறை காற்றிலா? அலையிலா? தூரத்திலா? பல மாதங்கள் ஆராய்ந்த அக்குழுவினர், 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விடையைத் தெரிவித்தனர். தொல்லைகளுக்கெல்லாம் பெரிய வேராக இருந்தது தரமற்ற மின்சாரம்! நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஆனால் அவ்வட்டாரத்தில் பதிவு செய்து பார்த்தபோது, நொடிப் பொழுதில் 500 வோல்ட்டுக்கு மேல் பாயும் மின்னழுத்த எழுச்சிகள் பல தென்பட்டன. சில 1000 வோல்ட்டையும் தொட்டன. சில வேளைகளில் 70 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி நெடுநேரம் அங்கேயே நின்றது. திடீரெனப் பாய்ந்த மின்சாரம் கருவிகளை எரித்தது. குறைந்து வந்த மின்சாரமோ அதைவிடப் பொல்லாதது. பலகை சாகாமலும் பிழைக்காமலும் மயங்கிக் கிடந்தது. மெமரி கார்டில் எழுதியிருந்தவை சிதைந்தன. மயங்கிய பலகையைத் தட்டி எழுப்பக் கோபுரத்தின் மேல் ஆளை ஏற்ற வேண்டியிருந்தது. கீழே, காமிராவின் முன் நோயாளி காத்திருந்தார்.

எல்லாரும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, குறை சுவரிலுள்ள பிளக்கில் இருந்தது. இக்கட்டுரையின் சாரமும் அதுவே. தொடர்பு அறுந்தால் தொலைவில் தேடத் தொடங்காதீர்கள். அருகிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியாகத் தொலைவுக்குச் செல்லுங்கள்.

முதற்படி: மின்சாரம்

ராஸ்பெரி பை பலகைக்கு 5 வோல்ட் மின்சாரம் தேவை. அது 4.63 வோல்ட் அளவுக்குக் கீழே இறங்கினால் பலகை நமக்கு எச்சரிக்கை தருகிறது. திரை இணைத்திருந்தால் மூலையில் மின்னல் போன்ற ஒரு குறி தோன்றும். திரை இல்லாவிட்டாலும், மூன்றாம் தலைமுறைப் பலகையின் சிவப்பு விளக்கு அணையும் அல்லது மினுக்கும். பலகை வைத்திருக்கும் குறிப்பேட்டிலும் 'மின்னழுத்தம் குறைந்தது' என்று பதிவாகும்.

'விளக்கு எரிகிறதே, மின்சாரம் வருகிறதே!' என்று சிலர் வாதிடுவர். வருவது வேறு, போதிய அளவு வருவது வேறு. செல்போனுக்குரிய பழைய சார்ஜரையும், மெல்லிய நீண்ட கம்பியையும் கொண்டு இதனை இயக்கினால், பலகை சும்மா இருக்கும்போது யாவும் நன்றாகவே இருக்கும். வை-ஃபை செய்தி அனுப்ப முற்படும்போது மின்சாரம் அதிகமாகத் தேவைப்படும். அப்போது மின்னழுத்தம் சரியும். மூன்றாம் தலைமுறைப் பலகைக்கு 2.5 ஆம்பியரும், 2019இல் வந்த நான்காம் தலைமுறைப் பலகைக்கு 3 ஆம்பியரும் தரவல்ல அடாப்டர் வேண்டும். ஆகவே முதலில் அடாப்டரையும் கம்பியையும் மாற்றிப் பார்க்க வேண்டும். வீட்டு மின்சார பிளக்கையும் சுவிட்சையும் கழற்றுவது நம் வேலையன்று. அதைப் பெரியவர்களிடமும் எலெக்ட்ரீஷியனிடமும் விட்டுவிடுவோம்.

இரண்டாம் படி: காற்றில் உள்ள தடை

மின்சாரம் சரியாக இருந்தால் அடுத்ததாகப் பலகையின் இருப்பிடத்தைப் பார்க்க வேண்டும். வை-ஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. அவ்வலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண் அளவுகூட இல்லை. ஒளியைப் போலவே இதுவும் ஒரு மின்காந்த அலைதான். 1895ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், கம்பியின்றி அனுப்பிய சிற்றலைகளால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டியதை நாம் பெருமையுடன் நினைவுகூரலாம்.

இந்த அலைக்கு உலோகம் பெரும் பகை. மழைக்கும் தூசுக்கும் பயந்து பலகையை எவர்சில்வர் டப்பாவில் வைத்து மூடினால் பலகை பத்திரமாக இருக்கும். ஆனால் செய்தி டப்பாவை விட்டு வெளியே வராது. பிளாஸ்டிக் டப்பாவே நல்லது. தண்ணீரும் இந்த அலையை உறிஞ்சும். மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டி குறுக்கே இருந்தால் தொடர்பு தளரும். ஈரமான மரக்கிளைகளும், நெருங்கி நிற்கும் மனிதர்களின் உடலுங்கூட அலையைக் குறைக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே அலைவரிசையில் இயங்குவதால் சமையலறைப் பக்கமும் கவனிக்கத் தக்கது.

காற்றில் கூட்டநெரிசலும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை யாரும் லைசென்ஸ் இன்றிப் பயன்படுத்தலாம் என்று நம் நாட்டில் 2005இல் விதி வகுக்கப்பட்டது. பொதுச் சாலை என்றால் எல்லா வண்டிகளும் வரத்தானே செய்யும்? கடை, விடுதி, வீடு என்று ஒவ்வொன்றிலிருந்தும் அலைகள் எழுகின்றன. இச்சாலையில் உள்ள தடங்களுள் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை. அண்டை வீட்டார் 6ஆம் தடத்தில் இருந்தால் நாம் 1 அல்லது 11க்கு மாறுவது நலம்.

மூன்றாம் படி: பலகைக்குக் கேட்கிறதா?

இப்போது ஒரு திரையையும் கீ-போர்டையும் பலகையுடன் இணைத்துக்கொள்ள வேண்டும். அல்லது, லேன் கம்பியால் அதனை ரௌட்டருடன் சேர்த்து, வேறொரு கணிப்பொறியிலிருந்து பேசலாம். அருகிலுள்ள வை-ஃபை பெயர்களைப் பட்டியலிடும்படி பலகைக்குக் கட்டளை கொடுத்தால் விடை மூன்று விதமாக வரலாம்.

பட்டியலே வரவில்லையெனில், பலகையின் ரேடியோ அடைக்கப்பட்டிருக்கலாம். ஒவ்வொரு நாடும் எந்தெந்தத் தடங்களைப் பயன்படுத்தலாம் என்று தனித்தனியே விதி வைத்துள்ளது. ஆகவே 2018க்குப் பின் வந்த பலகைகள், 'நான் எந்த நாட்டில் இருக்கிறேன்?' என்பதைச் சொல்லும்வரை வாய் திறப்பதில்லை. அமைப்புப் பக்கத்தில் இந்தியா என்று குறித்தவுடன் பூட்டுத் திறந்துகொள்ளும்.

பிற பெயர்கள் வந்து நம் பெயர் மட்டும் வரவில்லையெனில், ரௌட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். 2016இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பலகைக்கு 2.4 மட்டுமே கேட்கும், 5 கேட்காது.

நம் பெயர் பட்டியலில் இருந்தும் சேர முடியவில்லையெனில், கடவுச்சொல்லைச் சரிபார்க்க வேண்டும். வீட்டில் யாரேனும் அதை மாற்றியிருந்தால் போன்களுக்கெல்லாம் சொல்லியிருப்பார்கள்; மாடியிலிருக்கும் பலகைக்கு யார் சொன்னார்கள்?

நான்காம் படி: முகவரி

சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது. தபால்காரர் கடிதம் கொடுக்க வீட்டு எண் வேண்டுமல்லவா? தன்னிடம் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரௌட்டர் ஓர் எண்ணைத் தருகிறது. வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால், எண் கொடுப்பார் இல்லாமல் பலகை தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அப்போது ரௌட்டரைக் கவனிக்க வேண்டும்.

மற்றொரு வேடிக்கையும் நடக்கும். கரண்ட் போய் வந்த பின் ரௌட்டர் பலகைக்குப் புதிய எண் ஒன்றைக் கொடுத்துவிடலாம். பலகை நன்றாகத்தான் இருக்கிறது. நாம் பழைய வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டு, ஆள் இல்லை என்கிறோம்! இன்ன பலகைக்கு இன்ன எண் என்று ரௌட்டரிலேயே ஒதுக்கி வைத்துவிட்டால் இத்தொல்லை தீரும்.

ஐந்தாம் படி: குரல் கொடுத்துப் பார்த்தல்

'பிங்' என்றொரு சிறு கட்டளை உண்டு. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் கருவி 'பிங்' என்று ஒலி அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பதைப் போல, இதுவும் ஓர் எண்ணுக்குச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும். 1983ஆம் ஆண்டு மைக் மூஸ் என்பவர் இதனை எழுதினார்.

முதலில் ரௌட்டருக்குக் குரல் கொடுக்க வேண்டும். பதில் வந்தால் வீட்டுக்குள் குறையில்லை. பின்னர், வெளியுலகில் உள்ள ஓர் எண்ணுக்குக் குரல் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் இணைப்புத் தரும் கம்பெனியின் பக்கம் குறை. பலகையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு வரவில்லையெனில், பெயரை எண்ணாக மாற்றித் தரும் 'டெலிபோன் டைரக்டரி'யில் கோளாறு.

பெயருக்கும் பதில் வந்து, பாதுகாப்பான இணையதளங்கள் மட்டும் திறக்க மறுக்கின்றனவா? பலகையின் கடிகாரத்தைப் பாருங்கள். நான்காம் தலைமுறை வரையிலான பலகைகளில் பாட்டரியால் ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்ட் நின்றால் நேரமும் நின்றுவிடும். பழைய தேதியுடன் எழுந்த பலகையைப் பாதுகாப்பான தளங்கள் நம்பமாட்டா.

எங்கள் மன்றத்துப் பலகை

இம்முறையின் பயனை எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் நாங்கள் கண்கூடாகக் கண்டோம். ஆய்வுக்கூட மாடியில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஒரு பலகை இருக்கிறது. பத்து நிமிடத்திற்கு ஒரு முறை வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து, நூலகக் கணிப்பொறிக்கு அனுப்புவது அதன் வேலை. ஆறாம் வகுப்புத் தங்கைகள் வாரந்தோறும் அவ்வளவுகளைக் கொண்டு வரைபடம் வரைகிறார்கள்.

ஒரு கார்த்திகை மாதத்தில் மாலை வேளைகளில் அளவுகள் வராமல் நின்றன. தீபத்திற்கு வந்த பெருங்கூட்டத்தின் செல்போன்களே காரணம் என்றனர் சிலர். மலை மறைக்கிறது என்றனர் வேறு சிலர். மெமரி கார்டை முழுவதும் அழித்துப் புதிதாக எழுதிவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அப்போது எங்கள் விஞ்ஞான ஆசிரியையான சிஸ்டர், "குற்றவாளியைத் தீர்மானித்துவிட்டுச் சாட்சி தேடக் கூடாது, பிள்ளைகளே. முதலில் ஒரு நோட்டை எடுங்கள்" என்றார்.

நாங்கள் நான்கு நாட்கள் முறை வைத்துக் குறித்தோம். கடைசி அளவு வந்த நேரம், சிவப்பு விளக்கின் நிலை, அதே இடத்தில் சிஸ்டரின் போனுக்கு வை-ஃபை கிடைக்கிறதா என்பன அந்த நோட்டில் ஏறின. மாலை ஆறரை மணிக்கு மேல் நின்று, ஒன்பது மணிக்குப் பின் தானே வந்தது. அந்நேரத்திலும் போனுக்கு வை-ஃபை நன்றாகவே கிடைத்தது. எனவே மலையும் குற்றவாளியன்று, ரௌட்டரும் குற்றவாளியன்று. தீபம் முடிந்து கூட்டம் கலைந்த பின்னும் குறை நீடித்ததால் கூட்டமும் விடுதலையாயிற்று. மாலையில் திரையை இணைத்துப் பார்த்தபோது மூலையில் மின்னல் குறி தோன்றியது. தெருவெங்கும் விளக்கு எரியும் நேரத்தில் மின்னழுத்தம் தாழ, வயதாகிப்போன அடாப்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை. அடாப்டரை மாற்றினோம், குறை நீங்கியது. அத்துடன் நிற்காமல், ஒரு மாலை மட்டும் பழைய அடாப்டரையே மீண்டும் செருகிப் பார்த்தோம். குறை திரும்ப வந்தது. ஐயம் தீர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது மற்றொன்று உண்டு. தொடர்பு அறுந்திருந்த மாலைகளிலும் பலகை அளப்பதை நிறுத்தவில்லை. வராமற்போன அளவுகள் யாவும் அந்த மெமரி கார்டிலேயே இருந்தன. அவசரப்பட்டுக் கார்டை அழித்திருந்தால் பல மாத அளவுகள் ஒரே நிமிடத்தில் போயிருக்கும். தங்கைகளின் வரைபடத்தில் ஆற முடியாத ஓட்டை விழுந்திருக்கும்.

தானே எழும் பலகை

எப்போதும் நாமே ஓடிச் சென்று பார்க்க இயலுமா? இயலாது. அதற்கும் வழி உண்டு. சில நிமிடங்களுக்கு ஒரு முறை ரௌட்டருக்குப் 'பிங்' அனுப்பி, பதில் வராவிட்டால் வை-ஃபையை நிறுத்தித் தொடங்கும்படி ஒரு சிறு புரோகிராம் எழுதி வைக்கலாம். மின்சாரத்தைச் சேமிக்க வை-ஃபை அவ்வப்போது உறங்கும் வழக்கத்தையும் நிறுத்தி வைக்கலாம்.

பலகையே மயங்கிவிட்டால்? அதற்காகச் சில்லிலேயே 'வாட்ச்டாக்', அதாவது காவல் நாய் என்றொரு பகுதி இருக்கிறது. 'நான் விழித்திருக்கிறேன்' என்று பலகை அதனிடம் இடைவிடாது சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சில நொடிகள் சொல்லாவிட்டால், காவல் நாய் பலகையை அணைத்து மீண்டும் எழுப்பிவிடும். தேனிக் கோபுரங்களின் மேலும் இதே உபாயத்தைத்தான் கையாண்டார்கள். அத்துடன், பாட்டரியின் மின்னழுத்தம் தாழ்ந்தால் பலகையை அரைமயக்கத்தில் விடாமல் முழுவதும் துண்டித்துவிடும் ஓர் அமைப்பையும் சேர்த்தார்கள். அரைகுறையாக இயங்குவதைவிட ஒழுங்காக நின்று ஒழுங்காக எழுவது மேல் அல்லவா?

ஏன் இவ்வளவு அக்கறை?

ஒரு சிறு பலகைக்கு இத்தனை பாடா என்று பெற்றோர்கள் சிலர் எண்ணலாம். 2024 டிசம்பர் முதல் நாளை நம் ஊர் மறக்காது. ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் அண்ணாமலைச் சரிவில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஏழு உயிர்களைக் கொண்டுபோயிற்று. மழையையும் மண்ணின் ஈரத்தையும் அளந்து சொல்லும் சிறு கருவிகள் இத்தகைய சரிவுகளில் பயன்படக் கூடியவை. ஆனால், வெயில் நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, மின்சாரம் தடுமாறும் புயல் இரவில் வாய் மூடிக்கொள்ளும் கருவியால் யாருக்கு என்ன பயன்? கருவியைச் செய்வது பாதி வேலைதான். அது பேசாமற்போனால் ஏன் என்று கண்டறிந்து, மீண்டும் பேச வைப்பதே மறுபாதி.

ஆகவே தோழியரே, அடுத்த முறை தொடர்பு அறுந்தால் கையில் கிடைத்ததையெல்லாம் அணைத்துப் போட வேண்டாம். மின்சாரம், இருப்பிடம், கேள்வி, முகவரி, குரல் என்னும் ஐந்தையும் இதே வரிசையில் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் தேதியுடன் எழுதுங்கள். நம்மிடம் உள்ள பலகை சிறியதுதான். ஆனால் மறுமுனையில் ஒருவர் செய்திக்காகக் காத்திருக்கிறார் என்பதை மட்டும் மறவாதிருப்போமாக.